உப்பின் பழி பொஸ்பேற்றின் மேல்

மட்டக்களப்பு வாவியை அண்டிய வேளாண் ஊர்களில் ஏறத்தாழ எதிர்ப்பின்றி நிலவும் கருத்தொன்று உண்டு. கடையில் வாங்கும் பசளை எதுவாயினும் அது உப்பே என்றும், போகந்தோறும் உப்புக் கொட்டப்படும் நிலம் நாளடைவில் உவராகும் என்றும், வாவிக்கரை வயல்கள் வெளிறிக் கிடப்பதற்கும் கிணற்றுநீர் கரிப்பதற்கும் இதுவே காரணம் என்றும் அக்கருத்து சொல்கிறது. இயற்கை வேளாண்மையை வலியுறுத்துவோர் இதை மேடைகளில் சொல்லியிருக்கின்றனர். பள்ளிக்கூட இரசாயனவியலில் பொஸ்பேற்றுகள் உப்புகளின் பட்டியலில் இடம்பெறுவதால், படித்தவர்களும் இதை மறுக்க இடமில்லையென்று எண்ணிவிடுகின்றனர். ஒரே சொல்லை இரு பொருளில் வழங்கிவிட்டு, ஒரு பொருளுக்குரிய குற்றத்தை மற்றதன் மேல் ஏற்றும் பிழையின்மீதே இந்த முடிவு முழுவதும் நிற்கிறது என்பதும், அந்தப் பிழையால் வாவிக்கும் வயலுக்கும் உண்மையில் நேரும் கேடு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது என்பதும் இங்கு நிறுவப்பட வேண்டியவை.

குருக்கள்மடம் இவ்வழக்கை விசாரிக்கத் தகுந்த இடம். மண்முனை தென் எருவில் பற்றைச் சேர்ந்த அவ்வூர், கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டியில், எழுவான்கரையில் அமைந்துள்ளது. அங்கிருந்து வாவியைக் குறுக்காகக் கடந்து அம்பிளாந்துறைக்குச் செல்லும் பாதை என்னும் மிதவையில் ஏறினால் படுவான்கரையின் வயல்வெளிகளை அடையலாம். இரு பக்கமும் உவர்நீர் சூழ்ந்த மணலில் கிணற்றுப் பாசனத் தோட்டங்கள் ஒரு கரையில், வண்டல் மண்ணில் மாரி மழையையும் குளத்து நீரையும் நம்பிய நெல்வயல்கள் மறுகரையில் என, உப்பும் பொஸ்பேற்றும் எப்படி வெவ்வேறாக நடந்துகொள்கின்றன என்பதைக் காண இரண்டு வகை நிலங்கள் ஒரே நீர்ப்பரப்பின் இரு ஓரங்களில் கிடைக்கின்றன.

முதலில் உப்பு. சமையலறையில் அச்சொல் ஒரே பொருளைச் சுட்டுகிறது. சோடியமும் குளோரினும் சேர்ந்த சோடியங் குளோரைட்டு என்பது அதன் இரசாயனப் பெயர். ஆனால் இரசாயனவியலில் உப்பு என்பது ஒரு பொருளின் பெயரன்று. அமிலமும் மூலமும் தாக்கமுறுவதால் உண்டாகும், நேரேற்றமுள்ள அயன்களும் மறையேற்றமுள்ள அயன்களும் கோக்கப்பட்ட சேர்வைகள் அனைத்துக்கும் அது வகுப்புப் பெயர். அந்த வகுப்பில் கறியுப்பும் உண்டு, நாட்டு வைத்தியர் அறிந்த வெடியுப்பும் மயில்துத்தமும் உண்டு, கிழக்குக் கரையோரத்தில் சுண்ணாம்பு சுட்ட முருகைக்கல்லும் உண்டு. கல்சியங் காபனேற்றாலான முருகைக்கல் இலக்கணப்படி உப்பாக இருந்தும், அதைக் கொண்டு கட்டிய மதிலோரத்து மண் உவராகிவிட்டது என்று எவரும் முறையிட்டதில்லை. வகுப்புப் பெயர் ஒன்றாயிருப்பதால் குணமும் ஒன்றாயிருக்கும் என்ற வாதம் அந்த மதிலோரத்திலேயே விழுந்துவிடுகிறது.

பொஸ்பேற்றோ, கண்டிப்பாகச் சொன்னால், உப்பே அன்று. ஒரு பொசுபரசு அணுவைச் சுற்றி நான்கு ஒட்சிசன் அணுக்கள் அமைந்த மறையேற்ற அயனின் பெயர் அது. கல்சியத்தோடோ அமோனியத்தோடோ சேரும்போதுதான் உப்பு உருவாகிறது. கறியுப்பில் குளோரைட்டுக்கு உள்ள இடமே கல்சியம் பொஸ்பேற்றில் பொஸ்பேற்றுக்கு உள்ளது. அதோடு, உயிரினங்களின் பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையின் முதுகெலும்பில் வெல்லத்தோடு வெல்லத்தைப் பிணைப்பதும், உயிரணுவுக்குள் ஆற்றலைக் கைமாற்றும் ஏ.டி.பி. மூலக்கூறில் மூன்றாய்த் தொடுத்து நிற்பதும் பொஸ்பேற்றே. அங்கே அது அயனாக விலகி நில்லாமல் காபன் சேர்வைகளோடு நேரே பிணைந்துள்ளது. எனவே உப்புகளிற் சில பொஸ்பேற்றுகள், பொஸ்பேற்றுகளிற் சில உப்புகள் என்பதே சரி. ஒன்று மற்றதற்குள் முழுதாக அடங்குவதில்லை.

சொற்பொருளில் வென்றுவிட்டால் வாதம் முடிந்துவிடாது என்பது உண்மை. உழவர் உப்பு என்று சொல்லும்போது வகுப்புப் பெயரை எண்ணிச் சொல்வதில்லை. நீரில் கரைந்து, நீர் போகுமிடமெல்லாம் போய், பயிரை ஈரத்துக்கு நடுவிலேயே வாட்டும் ஒரு பண்பைச் சொல்கிறார். அப்பண்பு மெய்யானது, அளக்கத்தக்கது. வேரின் மென்சவ்வு வழியாக நீர் செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலை நோக்கிச் செல்வது பிரசாரணம் எனப்படும். மண்ணீரில் கரைபொருள் மிகும்போது வேர் நீரை இழுக்க முடியாமல் திணறுகிறது. ஒவ்வொரு பசளையும் மண்ணீரின் பிரசாரண அமுக்கத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை, அதே எடையுள்ள சோடியம் நைத்திரேற்று உயர்த்தும் அளவை 100 எனக் கொண்டு ஒப்பிடும் உப்புச் சுட்டெண் என்னும் அளவீட்டை அமெரிக்க மண்ணியலாளர் ரேடரும் அவருடைய கூட்டாளிகளும் 1943 இல் வெளியிட்டனர். அந்த அட்டவணையில் கறியுப்புக்கு ஏறத்தாழ 154, எம்.ஓ.பி. என உழவர் அறிந்த பொட்டாசியங் குளோரைட்டுக்கு 116, யூரியாவுக்கு 75, டி.எஸ்.பி. எனப்படும் முச்சுப்பர் பொஸ்பேற்றுக்கு வெறும் 10.

இந்த நான்கு எண்களை ஊன்றிப் பார்த்தால், நிலவும் கருத்து தலைகீழாக நிற்பது தெரியும். யூரியா இரசாயனவியலின்படி உப்பே அன்று. அயன்களாகப் பிரியாத காபன் சேர்வை அது. டி.எஸ்.பி. இலக்கணப்படி உப்பு. ஆயினும் உப்பல்லாத யூரியா மண்ணீரில் உப்பான டி.எஸ்.பி.யைப் போல ஏழு மடங்குக்கு மேல் உப்புத்தனம் காட்டுகிறது. உப்பு என்ற பெயரைக் கொண்டு உவர்ப்பை ஊகிப்பவர் இந்த இரண்டில் எதைக் குற்றவாளி என்பார்?

கணக்கை நிலத்துக்கு இறக்கிப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேயர் நெல்வயலுக்கு ஒரு போகத்தில் அடிக்கட்டுப் பசளையாக 50 கிலோ டி.எஸ்.பி. இடப்படுவதாகக் கொண்டால், சுட்டெண் விகிதப்படி அதன் பிரசாரண விளைவு மூன்றே கால் கிலோ கறியுப்புக்குச் சமம். கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு உண்டு. மழைக்கும் வரட்சிக்கும் ஏற்ப வாவிநீரின் உவர்ப்பு ஏறியிறங்கும் என்றாலும், கடல்நீரிற் பாதியளவு உவர்ந்த வாவிநீர் அதே ஹெக்டேயரில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு மட்டும் ஏறி வற்றினால், 100,000 லீற்றர் நீரிலிருந்து 1,750 கிலோ உப்பு வயலில் தங்கும். ஒரு தடவை ஏறிய வாவிநீர் விட்டுச்சென்றதை டி.எஸ்.பி. ஈடுசெய்ய வேண்டுமானால், ஆண்டுக்குப் பெரும்போகம் சிறுபோகம் இரண்டிலும் இட்டும் 250 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இடையில் ஒரு மழையும் கழுவாமல், ஒரு நெற்பயிரும் உறிஞ்சாமல் இருந்தால்தான் அதுவும். கடற்காற்றும் கடலோர மழையும் ஆண்டுதோறும் அந்தப் பட்டியின்மேல் தூவும் உப்பே இந்த மூன்று கிலோவை விட மிகுதி. எழுவான்கரை உவருக்குப் பொஸ்பேற்றைக் காரணங்காட்டுவது, கடலை விட்டுவிட்டு உப்புக் கிண்ணத்தைச் சிறையிடுவதாகும்.

கண்கண்ட சான்றுகள் இரண்டை எதிர்த்தரப்பினர் முன்வைப்பதுண்டு. கோடையில் வயல் காயும்போது மேற்பரப்பில் வெண்படலம் பூப்பது ஒன்று. பசளை இட்ட சில நாளில் இளம்பயிரின் இலைநுனி கருகுவது மற்றொன்று. இரண்டும் மெய், இரண்டுக்கும் சொல்லப்படும் விளக்கமே பொய். ஆழமற்ற உவர்நிலத்தடி நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி வெயிலில் ஆவியாகும்போது, அது ஏந்திவந்த உப்புகளே படலமாக எஞ்சுகின்றன. பசளையே படாத தரிசிலும் அந்தப் படலம் பூக்கிறது என்பதை வாவியோரம் நடந்தவர் அறிவர். இலைநுனி கருகுவதற்குப் பெரும்பாலும் யூரியாவும் எம்.ஓ.பி.யும் பொறுப்பு, மணற்பாங்கான மண்ணில் ஈரம் குறைந்த வேளையில் வேருக்கு நெருக்கமாக அவற்றை இட்டால் பிரசாரணச் சுமை சட்டென ஏறிவிடும். கறியுப்பின் நெருங்கிய உறவான எம்.ஓ.பி.யை விட்டுவிட்டு, அட்டவணையின் அடியில் கிடக்கும் டி.எஸ்.பி.யைப் பிடித்துக்கொள்வதற்கு ஒரே காரணம் சிந்தனைச் சோம்பல்.

நெடுநாள் இட்டால் என்ன ஆகும் என்பதற்கும் விடை இல்லாமல் இல்லை. அமிலம் சேர்த்துக் கரையத்தக்கதாக்கிய பொஸ்பேற்றுப் பசளைக்கு 1842 இல் காப்புரிமை பெற்ற ஜோன் லோஸ், மறு ஆண்டே இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் புரோட்போக் என்னும் கோதுமைப் பாத்தியில் தொடங்கிய சோதனை இன்றும் நடைபெறுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பொஸ்பேற்று இடப்பட்ட அதன் பாத்திகளில் பொஸ்பேற்று மிகுதியாகத் தேங்கியதால், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடுவதையே அங்கு நிறுத்திவைத்தனர். உவர் தேங்கியதாகக் கண்டு நிறுத்தவில்லை. அங்கே மழை கழுவிவிடும் என்று மறுமொழி சொல்லப்படுமானால், மட்டக்களப்பில் ஆண்டு மழை அவ்விடத்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்பதும், அதிற் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றின் சில மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை. தேங்கியது பொஸ்பேற்று, தேங்காதது உப்பு என்ற இந்த முடிவில்தான் இரண்டின் இயல்பும் பிரிகிறது. கறியுப்பு 100 கிராம் நீரில் ஏறத்தாழ 36 கிராம் வரை கரைவதோடு, அதன் குளோரைட்டை மண் பற்றுவதில்லை; நீர் வடிந்தால் அதுவும் வடியும். டி.எஸ்.பி. நீரில் கரையக்கூடியதாயினும், மண்ணை அடைந்த சிறுபொழுதில் அதன் பொஸ்பேற்றை அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கல்சியமும் பிடித்துக்கொள்கின்றன. இட்ட போகத்தில் பயிருக்குச் சேர்வது அதில் கால் பங்கைத் தாண்டுவது அரிது.

2004 திசெம்பர் 26 ஆழிப்பேரலை இதற்கு மிகக் கொடிய சோதனைக்கூடமாயிற்று. மட்டக்களப்புக் கரையெங்கும் கடல்நீர் புகுந்து கிணறுகள் குடிக்கவொண்ணாதவையாகின. தொடர்ந்த மாரிகளின் மழை மணலினூடே இறங்கி அந்த உப்பை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போனது. அவசரப்பட்டுக் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில் கீழிருந்த உவர்நீர் மேலேறிக் குணமாதல் தாமதித்தது. மணற்பட்டியில் நன்னீர், கனத்த உவர்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் அதன் கீழ் ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலின் பழைய விதி. இயந்திரத்தால் இறைத்து மேல்மட்டம் ஒரு சாண் தாழ்ந்தால், கீழெல்லை பல மீற்றர் மேலே வரும். குருக்கள்மடத்துத் தோட்டக் கிணறு கோடையில் கரிப்பதற்கு விளக்கம் தேடுவோர் பசளைப் பையை விட்டு நீரிறைக்கும் இயந்திரத்தைப் பார்ப்பது நல்லது.

உப்பு எதுவாயினும் நிலத்தைக் கெடுக்கும் என்ற கொள்கைக்கு இன்னொரு சங்கடம் ஜிப்சத்தால் நேர்கிறது. சோடியம் மிகுந்து களி இறுகி நீர் இறங்காத நிலத்தைத் திருத்த வேளாண்மை நூல்கள் பரிந்துரைக்கும் பொருள் ஜிப்சம். அது கல்சியம் சல்பேற்று என்னும் உப்பு. அதன் கல்சியம் களித்துகளிலிருந்து சோடியத்தை வெளியேற்றி, வெளியேறியதை நன்னீர் கழுவிச் செல்ல வழி திறக்கிறது. உவர் தீர உப்பு இடுவதை ஏற்றுக்கொள்ளும் கொள்கை, உப்பு என்ற பெயரைக் குற்றச்சாட்டாக வைத்திருக்க முடியாது.

இவையெல்லாம் சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் விடயங்களாயின் விட்டுவிடலாம். 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தபோது, நைதரசன், பொஸ்பேற்று, பொட்டாசு மூன்றும் ஒரே பெயரின்கீழ் ஒரே கட்டளையால் நிறுத்தப்பட்டன. நஞ்சும் நோயும் அரசு எடுத்துரைத்த நியாயங்கள். மண்ணைக் கெடுக்கும் உப்பு என்ற பழைய நம்பிக்கை அதற்குப் பொதுமக்களிடையே இசைவு தேடிக்கொடுத்தது. ஒவ்வொரு பொருளும் எந்த மண்ணில் எவ்வளவு தேங்கியுள்ளது, எதைக் குறைத்தால் விளைச்சல் தாங்கும், எதைக் குறைத்தால் தாங்காது என்ற வினாக்கள் அந்த ஒற்றைப் பெயருக்குள் காணாமற் போயின. பொஸ்பேற்று தேங்கிக் கிடக்கும் வயலில் சில போகங்களுக்கு டி.எஸ்.பி.யை நிறுத்தினாலும் பெரிதாக இழப்பு நேராது; யூரியாவை நிறுத்தினால் அதே போகத்தில் பயிர் வெளிறிவிடும். இந்த வேற்றுமையை அறிந்து திட்டமிட்டிருந்தால் அந்நியச் செலாவணியும் மிஞ்சியிருக்கும், நெல்லும் மிஞ்சியிருக்கும். நவம்பரில் தடை மீளப்பெறப்பட்டபோது பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. அப்போக விளைச்சல் நாடெங்கும் கடுமையாகச் சரிந்தது.

தடைக்கு எதிர்முனையிலும் ஒரு மயக்கம் நிலவுகிறது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971 இல் கண்டறியப்பட்ட அப்பற்றைற்றுப் படிவு நாட்டின் பெருஞ் செல்வம். அதை அந்நிய நிறுவனமொன்றுக்கு ஒப்படைக்கவிருந்த உடன்படிக்கையை உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டு தடுத்து நிறுத்தியது இலங்கையின் சுற்றாடல் சட்ட வரலாற்றில் முக்கியமான தீர்ப்பு. ஆனால் அந்த அப்பற்றைற்று மண்ணிலிருந்து நேரே எடுத்த கல் என்பதால் உப்பன்று, ஆகவே நெல்லுக்கும் அதையே இடலாம் என்று சொல்லப்படுவது மறுபடியும் பெயரைக் கண்டு ஏமாறுவதே. அப்பற்றைற்று என்பது பற்களையும் எலும்புகளையும் உறுதியாக்கும் கல்சியம் பொஸ்பேற்றுக் கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் இரசாயன இலக்கணப்படி உப்பு. நீரில் ஏறத்தாழக் கரையாத அதை அமில மண்ணில் பல்லாண்டு நிற்கும் தேயிலையும் இறப்பரும் தென்னையும் காத்திருந்து உண்ணும். மூன்று மூன்றரை மாதத்தில் அறுவடைக்கு வரும் நெல்லுக்கு அந்தப் பொறுமை இல்லை. இயற்கையா செயற்கையா என்பது கரைதிறனைப் பற்றி எதையும் சொல்வதில்லை. கோழியெருவும் அப்படியே, அதில் பொஸ்பேற்றும் உண்டு, மெய்யான உப்பும் கணிசமாக உண்டு.

பொஸ்பேற்று குற்றமற்றது என்பது இதனால் பெறப்படும் முடிவன்று. அதன் பாறைமூலத்தில் கட்மியம் போன்ற உலோகங்கள் சிறிதளவு கலந்துவரக்கூடும்; அதைக் கண்காணிப்பது தரநிர்ணயத்தின் வேலை. அதைவிடப் பெரிய குற்றம் வாவியில் நடக்கிறது. கனடாவில் டேவிட் சின்ட்லர் 1973 இல் 226 ஆம் இலக்க ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் காபனும் நைதரசனும் இட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் பொஸ்பேற்றும் சேர்த்தபோது, அப்பக்கம் மட்டுமே பாசியால் பச்சைபிடித்தது. லீற்றருக்குக் கிராம்களில் அளக்கப்படும் உப்புக்கு எதிரே, பொஸ்பேற்றின் வேலை மில்லிகிராமின் சிறு பின்னங்களிலேயே நடந்துவிடுகிறது. உப்பு தீங்கு செய்வது மிகுதியாலும் உயிரை வாட்டுவதாலும். பொஸ்பேற்று தீங்கு செய்வது சிற்றளவாலும் உயிரை மிதமிஞ்சி ஊட்டுவதாலும். வாவியின் நன்னீர்ப் பகுதிகளிலும் அதில் விழும் ஆறுகளிலும் படகு செல்லவொட்டாது படரும் ஆற்றுவாழை ஊட்டம் மிகுந்த நீரின் விளைவு; முகத்துவாரம் திறந்து கடல்நீர் ஏறி, உவர்ப்பு கடல்நீரின் ஐந்திலொரு பங்களவை நெருங்கும்போது அதே ஆற்றுவாழை வாடி அழிகிறது. பொஸ்பேற்று வளர்த்ததை உப்பு கொல்லும் அந்த நீரின் கரையில் நின்றுகொண்டு இரண்டையும் ஒன்றென்று சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும்.

எழுவான்கரை மணலுக்கு இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. பொஸ்பேற்றை மண் பிடித்துக்கொள்ளும் என்று மேலே சொன்னது இரும்பும் அலுமினியமும் களியும் உள்ள மண்ணுக்கே முழுமையாகப் பொருந்தும். வெளிறிய கடலோர மணலில் அப்பிடிப்பு தளர்வானது. குருக்கள்மடத்திலும் அதற்குத் தெற்கே வெற்றிலைக்குப் பெயர்பெற்ற களுதாவளையிலும் உள்ள தோட்டங்களில் அளவுக்கு மீறி இடப்படும் பொஸ்பேற்று, படுவான்கரை வண்டலில் தங்குவதுபோல் தங்காமல், காலப்போக்கில் நிலத்தடி நீரோடு வாவிப் பக்கம் நகர வாய்ப்புண்டு. அடித்தளச் சேற்றில் ஒட்சிசன் அற்றுப்போனால் இரும்பு பிடித்திருந்த பொஸ்பேற்று விடுபடும். கடல்நீரின் சல்பேற்றிலிருந்து உண்டாகும் சல்பைட்டு இரும்பைத் தன்பால் கட்டிக்கொள்வதால் அந்த விடுதலை மேலும் எளிதாகும். உப்பும் பொஸ்பேற்றும் உண்மையில் சந்திக்கும் இடம் இதுதான். கடல்நீர் ஏறிய சேறு, தான் வைத்திருந்த பொஸ்பேற்றை நீருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பசளையை நிலத்தின் உவருக்காக நிந்திப்பவர் பார்வை, இந்த நகர்வு நிகழும் திசைக்கே திரும்புவதில்லை.

வயலில் இரண்டையும் கண்டறியும் கருவிகளும் வேறு. உவர்ப்பை மண்கரைசலின் மின்கடத்துதிறன் சொல்லும்; மண்சாற்றில் அது மீற்றருக்கு 3 டெசிசீமன்சைக் கடக்கும்போது நெல் விளைச்சல் இறங்கத் தொடங்கி, அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 வீதம் குறையும். பொஸ்பேற்றை அந்தக் கருவி காட்டாது. அதற்குப் பிரித்தெடுத்து நிறமூட்டி அளக்கும் தனிச் சோதனை உண்டு. ஒன்றின் அளவை மற்றதற்குச் சான்றாக்க எந்த ஆய்வுகூடமும் முன்வராது. கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல்லின் மரபைக் கலந்து இலங்கையில் உருவாக்கப்பட்ட ஏ.ரி. 354 உவர்ப்பைத் தாங்கும் இனம். வாவிநீர் ஏறும் வயலில் அதை விதைப்பவர் உப்புக்கு விடை கண்டுவிடுகிறார். அந்த நெல்லும் வேர்விடவும் கிளைக்கவும் பொஸ்பேற்றை வேண்டுகிறது, அவ்வயலுக்கு டி.எஸ்.பி. இடுவதா, எவ்வளவு இடுவது என்ற கேள்விக்கு மண்ணிலுள்ள பொஸ்பேற்றை அளந்துதான் விடை காண வேண்டும், வயலின் உவர்ப்பை நாவில் வைத்துப் பார்த்தன்று.